ஏ. அண்ட் எல். டிரோக்கி கவுன்ஸ்

ஏ. அண்ட் எல். டிரோக்கி கவுன்ஸ், அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத் தலைநகரான பிராவிடன்ஸில் 1911 முதல் 1947 வரை இயங்கிய பெண்கள் ஆடை நிறுவனம். இத்தாலியிலிருந்து குடியேறிய அன்னா, லாரா என்ற சகோதரிகள் இதை நடத்தினார்கள். நிறுவனப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே. பிராவிடன்ஸ் பகுதியின் செல்வர் வீட்டுப் பெண்களுக்கு அளவெடுத்து உடை தைத்துக் கொடுப்பதில் தொடங்கி, பின்னர் பாரிஸ் துணிகளையும் ஆயத்த ஆடைகளையும் விற்கும் கடையாக இது மாறியது. பெருநகர நாகரிக வரலாறுகளில் இதன் பெயர் அதிகம் வராது. புதிய பாணி எதையும் இந்தக் கடை கண்டுபிடிக்கவும் இல்லை. ஆனால் இதைப் போன்ற ஆயிரக்கணக்கான கடைகள் சுவடின்றி மறைந்த நிலையில், கணக்குப் புத்தகம், கடிதம், துணி, உடை என்று ஏறக்குறைய எல்லாமும் மிஞ்சிய மிகச் சில தையற்கடைகளில் இது ஒன்று. ஆய்வாளர்கள் இதைத் தேடிப் போவது அதற்காகத்தான்.

பின்னணி

ரோமுக்குத் தென்கிழக்கே லாட்சியோ மண்டலத்தில் உள்ள குவார்ச்சீனோ என்ற மலையூர் சகோதரிகளின் சொந்த ஊர். அன்னா 1874இல் பிறந்தவர். லாரா அவரைவிடப் பல வயது இளையவர். இருவரும் ரோம் நகரில் தையல் கற்றுத் தேர்ந்தார்கள். இத்தாலிய அரசி மார்கரித்தாவுக்கு உடை தைத்த கூடத்தில் பயின்றதாக ஒரு செய்தி உண்டு. வாடிக்கையாளரிடம் சொல்லத் தோதான செய்தி என்பதால் அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்வது நல்லது. பயிற்சி முறையானது என்பதற்கு அவர்கள் கைவேலையே சான்று.

1880க்கும் 1920க்கும் இடையே சுமார் 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்காவில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தெற்கு இத்தாலியின் உழவர்கள், கூலியாட்கள். கையில் தொழிலோடு, அதுவும் ஒரு தலைநகரில் கற்ற தொழிலோடு வந்த பெண்கள் குறைவு. டிரோக்கி சகோதரிகள் அந்தக் குறைவானவர்களில் சேர்ந்தவர்கள். 1900களின் முதல் பத்தாண்டில் நியூயார்க்கில் வந்திறங்கிப் பின்னர் பிராவிடன்ஸுக்குப் பெயர்ந்தார்கள்.

பிராவிடன்ஸை அவர்கள் தேர்ந்தது தொழில் கணக்குப்படி நல்ல முடிவு. நியூயார்க்கில் போட்டி அதிகம். பிராவிடன்ஸிலோ நூற்பாலைகள், நகைத் தொழில், கோர்ஹாம் நிறுவனத்தின் வெள்ளிப் பாத்திரங்கள், பிரவுன் அண்ட் ஷார்ப்பின் இயந்திரக் கருவிகள் ஆகியவற்றால் பெரும் பணம் புரண்டது. அமெரிக்காவின் முதல் வெற்றிகரமான நீராற்றல் பருத்தி நூற்பு ஆலையை சாமுவேல் ஸ்லேட்டர் 1790களில் அமைத்த பாடக்கெட் பக்கத்து ஊர்தான். துணியால் பணக்காரரான ஊரில் உடுத்தத் தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. இதில் ஒரு முரணும் உண்டு. அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களில் இத்தாலியர் ஏராளம். ஆலை முதலாளிகள் வீட்டுப் பெண்களோ, உள்ளூர் ஆலைத் துணியை விட்டுவிட்டு, வேறு இரண்டு இத்தாலியப் பெண்களின் கையால் பிரெஞ்சுப் பட்டை உடுத்த விரும்பினார்கள்.

பட்லர் எக்ஸ்சேஞ்சிலிருந்து பிராட்வேக்கு

1911இல் சகோதரிகள் நகர மையத்தின் பட்லர் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் சொந்தக் கடை திறந்தார்கள். பல அலுவலகங்கள் குடியிருந்த பெரிய கட்டடம் அது. 1920களில் இடிக்கப்பட்டு, இன்றும் நகரின் மிக உயரமான கட்டடமாக நிற்கும் இண்டஸ்ட்ரியல் டிரஸ்ட் கட்டடம் அதே மனையில் எழுந்தது. கடை திறந்த அதே 1911இல் ஃபாப்ர் கப்பல் நிறுவனம் மத்தியதரைக் கடல் துறைமுகங்களிலிருந்து பிராவிடன்ஸுக்கு நேரடிக் கப்பல் விடத் தொடங்கியது. ஊரின் இத்தாலியக் குடியிருப்பான ஃபெடரல் ஹில் அதன்பின் இன்னும் பெருத்தது.

1915இல் கடை பிராட்வே 514ஆம் எண் வீட்டுக்கு மாறியது. தொழிலதிபர்கள் முந்தைய நூற்றாண்டில் கட்டிய மாளிகைகள் வரிசையாக நின்ற தெரு அது. ஃபெடரல் ஹில் அதற்கு அடுத்தே இருந்தது. பாஸ்தா விலையேற்றத்தை எதிர்த்து 1914 ஆகஸ்ட்டில் இத்தாலியர் கடைகளைச் சூறையாடிய கலவரம் நடந்தது அந்தப் பகுதியில்தான். கலவரம் நடந்து ஓராண்டு ஆகும்போது, அதே சமூகத்தைச் சேர்ந்த மணமாகாத பெண்ணான அன்னா பக்கத்துத் தெருவில் மாளிகை வாங்கிக் குடியேறுகிறார். குடியேறியோர் வரலாற்றை ஒரே வறுமைக் கதையாக எழுதுகிறவர்களுக்கு இந்த வீடு சற்றுச் சங்கடம் தரும்.

அதே 1915இல் லாரா மருத்துவரான லூயிஸ் செல்லாவை மணந்தார். குடும்பமும் கடையும் ஒரே கூரையின் கீழ் இயங்கின. கீழ்த் தளத்தில் குடும்பம், நடுத் தளத்தில் வாடிக்கையாளரை வரவேற்று அளவு பார்க்கும் அறைகள், மேல் தளத்தில் தையற்கூடம் என்பது ஏற்பாடு. திருமணத்துக்குப் பிறகும், பிள்ளைகள் பிறந்த பிறகும், லாரா தொழிலை விடவில்லை. அக்காலத்தில் ஒரு மருத்துவரின் மனைவியிடம் யாரும் எதிர்பார்த்திராத ஒன்று இது. அன்னா கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. வாடிக்கையாளரிடம் பேசுவது, துணி தேர்வது, வாங்குவது, பணம் வசூலிப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

மதாம் டிரோக்கி

அன்னா தம்மை ‘மதாம் டிரோக்கி’ என்று அழைத்துக்கொண்டார். மணமாகாதவர் என்பதால் இத்தாலிய மரபுப்படி அவர் ‘சிஞ்ஞோரினா’. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உயர்தர ஆடை என்றாலே பாரிஸ்தான். இத்தாலிய நாகரிகம் என்று ஒன்று உலகச் சந்தையில் பேசப்பட்டது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே. எனவே அமெரிக்கத் தையற்கலைஞர்கள் எந்த நாட்டவராயினும் பெயருக்கு முன்னால் பிரெஞ்சு அடைமொழி வைத்துக்கொள்வது வழக்கம். இதைப் பாசாங்கு என்று தள்ளிவிட முடியாது. வாசலில் காரில் வந்து இறங்கும் சீமாட்டியிடம் கடைக்காரி வேலைக்காரியாகத் தெரிந்துவிட்டால் விலை பேச முடியாது. மாளிகையும் ‘மதாம்’ பட்டமும் சேர்ந்து, குடியேறி வந்த ஒரு பெண்ணைச் சீமாட்டிகளுக்கே ஆலோசனை சொல்லும் இடத்தில் உட்கார வைத்தன.

உடை உருவான விதம்

தொடக்க ஆண்டுகளில் ஓர் உடைக்கு முதலில் உருவாவது வெளித்துணி அல்ல, உள்ளே போகும் லைனிங். உடலோடு ஒட்டி நிற்கும்படி அதைக் கச்சிதமாக வெட்டி, எலும்புப் பட்டைகள் வைத்துத் தைப்பார்கள். அதன்மேல்தான் பட்டையும் ஷிஃபானையும் லேஸையும் மடித்தும் சுருக்கியும் பொருத்துவார்கள். லைனிங் சரியாக அமைந்துவிட்டால் மேலே எவ்வளவு மெல்லிய துணியும் நிற்கும். வெட்டு கெட்டால் பிறகு எந்த அலங்காரமும் அதைக் காப்பாற்றாது. ஓர் உடைக்காக வாடிக்கையாளர் பலமுறை வந்து போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஓட்டுத் தையலில் நிற்கும் உடையை அவர் மேலேயே குண்டூசியால் திருத்தி, பிரித்து, மறுபடி தைப்பார்கள். காகிதப் பேட்டர்ன்களைவிட இந்தக் கைத்திறனையே உயர்தரக் கடைகள் நம்பின.

1920களில் நேர்க்குழாய் போன்ற, இடுப்பே தெரியாத உடை வந்தது. அது இந்தத் தொழிலின் அடித்தளத்தை அசைத்துவிட்டது. தோளிலிருந்து தொங்கும் உடைக்குக் கச்சிதமான அளவு எதற்கு? தொழிற்சாலையில் சில அளவுகளில் தைத்தாலே பெரும்பாலோருக்குப் பொருந்திவிடும். அமெரிக்காவில் வீட்டிலோ சிறு கடையிலோ உடை தைத்துப் பிழைத்த பெண்களின் எண்ணிக்கை 1910க்கும் 1930க்கும் இடையே பாதிக்கும் கீழே இறங்கியது. இயந்திரம்தான் தையற்காரியை வீழ்த்தியது என்று பொதுவாகச் சொல்வார்கள். தையல் இயந்திரம் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. அவளை வீழ்த்தியதில் உடையின் வடிவத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

பாரிஸ் பயணங்கள்

டிரோக்கிகள் தப்பிப் பிழைத்தது தொழிலின் எடையைத் தைப்பதிலிருந்து தேர்ந்தெடுப்பதற்கு மாற்றியதால். 1920களின் நடுவிலிருந்து அன்னா பலமுறை கடல் கடந்து பாரிஸ் போனார். துணி நிறுவனங்களின் மாதிரிகளைப் பார்த்து நேரடியாக வாங்கினார். லியோனின் பட்டு நிறுவனமான பியாங்கினி-ஃபெரியே, கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற ரோடியே போன்றவர்களின் சரக்கு பிராட்வே வீட்டுக்கு வந்தது. பியாங்கினி-ஃபெரியேவுக்கு ஓவியர் ரவுல் தூஃபி 1912 முதல் 1928 வரை துணி வடிவங்கள் வரைந்து கொடுத்தார். அப்போதைய நவீன ஓவியத்தின் வண்ணமும் கோடும் அருங்காட்சியகம் வழியாக வருமுன்பே உடை வழியாக அமெரிக்கச் சிறுநகரங்களுக்குள் நுழைந்தன. ஆலை முதலாளியின் மனைவி தன் வீட்டுச் சுவரில் மாட்டத் தயங்கிய கலையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

இறக்குமதிப் பட்டுக்கும் ஆடைக்கும் அமெரிக்கா கடும் சுங்கவரி விதித்தது. அதனால் விலை எகிறியது. வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு அந்த விலையே ஒரு கவர்ச்சியாகவும் இருந்தது. அன்னா விற்றது துணியை மட்டும் அல்ல. ‘உங்களுக்கென்று பார்த்து வாங்கினேன்’ என்ற தனிக் கவனிப்பையும் சேர்த்து விற்றார். பெரிய பல்பொருள் அங்காடிகளால் தர முடியாதது அதுதான். காலப்போக்கில் கடையில் ஆயத்த உடைகளின் பங்கு கூடியது. அவற்றை வாடிக்கையாளரின் உடலுக்கேற்பத் திருத்திக் கொடுப்பது தையற்கூடத்தின் முக்கிய வேலையாயிற்று.

தையற்கூடத்துப் பெண்கள்

மேல்தளத்தில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள். ஆலை வேலையோடு ஒப்பிட்டால் தையற்கூடம் மதிப்பான இடம். சத்தம் இல்லை, பேசுவது சொந்த மொழி, மேற்பார்க்கிறவரும் பெண். பெண்ணை வெளி வேலைக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு இது தோதாக இருந்தது. அதற்காகக் கூலி தாராளமாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கையால் மணி கோக்கவும் ஓரம் மடித்துத் தைக்கவும் ஆகும் நேரத்துக்கும் அவர்கள் பெற்ற பணத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. முதுமையில் தம் தையற்கூட நாட்களை நினைவுகூர்ந்த பெண்களின் பேட்டிகளில் பிரியமே மேலோங்குகிறது. பிரியமும் குறைந்த கூலியும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதைக் குடும்பத் தொழில்களை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் இத்தாலியிலிருந்து ஆண்டுக்கு வரக்கூடியவர்களின் எண்ணிக்கையை 3,845 ஆகக் குறைத்தது. பழைய நாட்டில் தொழில் கற்ற கைகள் வருவது அதோடு ஏறக்குறைய நின்றது. இங்கே பிறந்த பெண்களுக்கு அலுவலகத் தட்டச்சு வேலையும் கடை வேலையும் திறந்திருந்தன. நாள் முழுக்கக் குனிந்து ஊசி பிடிக்கும் தொழிலுக்கு வரிசையில் நின்றவர்கள் குறைந்தார்கள்.

கடனும் நலிவும்

பணக்கார வாடிக்கையாளர் என்றால் பணம் உடனே வரும் என்று பொருளல்ல. டிரோக்கி பேரேடுகள் சொல்லும் கதை நேர்மாறானது. மாதக்கணக்கில் பாக்கி வைப்பது மேல்தட்டு வழக்கம். உடனே கேட்டால் வாடிக்கை போய்விடும், கேட்காமல் விட்டால் பாரிஸ் வணிகருக்குப் பணம் அனுப்ப முடியாது. 1929க்குப் பின் வந்த பெருமந்தத்தில் இந்தக் கத்திமுனை நடை இன்னும் கடினமாயிற்று. ரோட் ஐலண்டின் நூற்பாலைகள் அதற்கு முன்பே தெற்கு மாநிலங்களின் போட்டியில் சரியத் தொடங்கியிருந்தன. வாடிக்கையாளரின் செல்வம் கரைந்ததால் கடையின் செழிப்பும் கரைந்தது. 1940இல் பாரிஸ் ஜெர்மானியர் வசம் போனதும் சரக்கு வரும் வழியும் அடைபட்டது.

1947இல் அன்னா காலமானார். கடையும் அவரோடு மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர், ஒடுங்கிய இடையும் விரிந்த பாவாடையுமாகத் தம் முதல் தொகுப்பை வெளியிட்டார். கச்சிதமான அளவும் உள்கட்டும் தேவைப்படும் உடை மறுபடி நாகரிகமானபோது, அதைத் தைக்கத் தெரிந்த அமெரிக்கக் கூடங்களில் பல மூடியாகிவிட்டிருந்தன.

தொகுப்பு

லாரா கடைப் பொருளை விற்றுத் தீர்க்கவில்லை. உடைகளையும் துணிச் சுருள்களையும் மெல்லிய தாளில் சுற்றி அடுக்கி வைத்தார். பேரேடுகள், ரசீதுகள், வாடிக்கையாளர் கடிதங்கள், துணி மாதிரிகள் எல்லாம் அதே வீட்டில் பல பத்தாண்டுகள் கிடந்தன. 1989இல் லாராவின் மகன் அழைத்ததன்பேரில் ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரியின் அருங்காட்சியகக் காப்பாளர்கள் வந்து பார்த்தார்கள். அருங்காட்சியகம் தனக்கு வேண்டியதைத் தேர்ந்து எடுத்துக்கொண்டது, ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் துணித் தொகுப்புக்கும் ஒரு பகுதி போனது. பல ஆண்டு ஆய்வுக்குப் பின் 2001இல் ‘பாரிஸிலிருந்து பிராவிடன்ஸுக்கு’ என்ற தலைப்பில் கண்காட்சி நடந்தது. சூசன் ஹே தொகுத்த அதே தலைப்புள்ள நூல் குடியேற்றம், தொழிலாளர், துணி, வணிகம் என்று பல கோணங்களில் கடையை அணுகுகிறது.

இந்தத் தொகுப்பைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. விற்ற உடைகள் வாடிக்கையாளரோடு போய்விட்டன. வீட்டில் மிஞ்சிய துணியும் உடையும் பெரும்பாலும் விலை போகாதவை, அல்லது வாங்கியவர் எடுத்துப் போகாதவை. எனவே தொகுப்பில் உள்ள துணிச்சலான வண்ணங்களைப் பார்த்துவிட்டு, பிராவிடன்ஸ் பெண்கள் இப்படித்தான் உடுத்தினார்கள் என்று முடிவுகட்டினால் தவறு. அன்னாவின் கண் ஊரின் ரசனையைவிட ஒரு படி முன்னால் ஓடிய தருணங்களும் அந்தச் சுருள்களில் இருக்கக்கூடும். ஊர் உண்மையில் எதை வாங்கியது என்பதைத் துணியிடம் கேட்டுப் பயனில்லை, பேரேட்டின் வரிகளில்தான் தேட வேண்டும்.