பகுதி பகுதியாகப் பழுகாமத்துக்கு வந்த கணினி

2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம், கொழும்பிலிருந்து புறப்பட்ட இரவுப் பேருந்தில் வந்து விடியற்காலை களுவாஞ்சிகுடியில் இறங்கினேன். ஒரு கையில் பழைய கணினிப் பெட்டி. மறு கையில் உடுப்புப் பை. உடுப்புப் பைக்குள் சாரத்தால் மூன்று சுற்றுச் சுற்றி வைத்த ஒரு வரைகலை அட்டை. பட்டிருப்புப் பாலத்தைக் கடக்கும்போது ஆட்டோச் சாரதி பெட்டியைப் பார்த்துவிட்டு, "கந்தோர்ச் சாமானா ஐயா?" என்று கேட்டார். "இல்லை, மருமகன் விளையாட" என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய்வீடு பெண்பிள்ளைக்கு உரியது. ஆகவே பழுகாமத்தில் நான் பிறந்த வீட்டில் இன்று இருப்பவள் என் தங்கை. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்ததும் தனக்கு விளையாட்டுக் கணினி ஒன்று வேண்டும் என்று அவளுடைய மகன் இரண்டு வருடங்களுக்கு முன்பே எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கியிருந்தான். வேளாண்மை வெட்டி, கடன்களைக் கொடுத்தது போக அவள் என் கையில் தந்தது ஓர் இலட்சம் ரூபாய். "அண்ணன், இதுக்கு மேல சல்லி இல்ல" என்று சொல்லித்தான் தந்தாள். அன்றைய நாணய மாற்று விலையில் அது 340 அமெரிக்க டொலருக்கும் சற்றுக் குறைவு.

புதிய விளையாட்டுக் கணினி ஒன்றை முழுதாக வாங்க அந்தத் தொகை போதாது. பகுதி பகுதியாகத் தேடி வாங்கிப் பொருத்தினால் போதும். இந்த வேறுபாடு இயற்கையாக வந்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு. கலைப்பட்டதாரியான எனக்கு மின்சுற்றுகளைப் பற்றிப் பேசும் தகுதி கிடையாது. ஆனால் வரலாற்றைச் சொல்லலாம் அல்லவா?

1980ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அவசரத்தில் இருந்தது. சிறு கணினிச் சந்தையை ஆப்பிள் போன்ற புதிய நிறுவனங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் வழக்கமுடைய அந்தப் பெரிய நிறுவனம், ஒரு வருடத்துக்குள் கணினி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டுமானால் வெளியில் கிடைக்கும் உறுப்புகளை வாங்கிப் பொருத்துவதே வழி என்று தீர்மானித்தது. புளோரிடாவின் போகா ரட்டோன் நகரில் டொன் எஸ்ட்ரிஜ் தலைமையில் இயங்கிய சிறிய குழு அந்த வேலையைச் செய்தது. மூளையாக இன்டெல்லின் 8088, இயங்குதளத்துக்கு மைக்ரோசொப்ட். 1981 ஓகஸ்ட் 12ஆம் திகதி அறிமுகமான அந்தக் கணினியின் ஆரம்ப விலை 1,565 டொலர். அந்த விலைக்கு 16 கிலோபைட் நினைவகம் கிடைத்தது; திரை கிடையாது, வட்டு இயக்கியும் கிடையாது. ஆனால் பெட்டியைத் திறந்து மேலதிக அட்டைகளைச் செருகும் இடங்கள் இருந்தன. அவற்றில் என்ன செருகலாம் என்பதை விளக்கும் தொழினுட்பக் கையேட்டையும் ஐ.பி.எம். வெளியிட்டது.

ஐ.பி.எம். தனக்கென்று வைத்துக்கொண்ட முக்கியமான பூட்டு, கணினியை எழுப்பிவிடும் 'பயோஸ்' என்ற சிறு நிரல் மட்டுமே. அதன் வரிகளைக் கையேட்டில் எவரும் படிக்கலாம். பதிப்புரிமை காரணமாக நகலெடுக்கக் கூடாது. கொம்பாக் நிறுவனம் அந்த வரிகளைக் கண்ணாலும் பாராதவர்களைக் கொண்டு, அதே வேலையைச் செய்யும் புதிய நிரலை எழுதுவித்தது. 1982 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் கணினி அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. 1984இல் பீனிக்ஸ் என்ற நிறுவனம் அத்தகைய நிரலைக் கேட்டவர்களுக்கெல்லாம் விலைக்குக் கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு தைவானின் தொழிற்சாலைகளிலிருந்து தாய்ப்பலகைகள் உலகெங்கும் போயின. யாரும் யாருடைய உறுப்பையும் வாங்கிப் பொருத்தலாம் என்ற நிலை இப்படித்தான் உருவானது. சென்னை ரிச்சி தெருவும் கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவும் கணினிச் சந்தைகளாகத் தழைத்தது இந்தத் திறந்த கதவினால்தான்.

குறைந்த விலையில் விளையாட்டு என்ற எண்ணத்துக்கு இன்னொரு தந்தையும் உண்டு. 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேயரின் நிறுவனம் வெளியிட்ட இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கணினியின் விலை 125 பவுண். இறப்பர் விசைகள், திரைக்கு வீட்டிலுள்ள தொலைக்காட்சி, சேமிக்க வீட்டிலுள்ள கசற் ரெக்கோடர். வீட்டில் ஏற்கெனவே இருப்பதை மறுபடி விலைகொடுத்து வாங்காதே என்பதே அதன் தத்துவம். பிரித்தானியாவின் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் விளையாடவும் நிரல் எழுதவும் அதில்தான் கற்றார்கள்.

நான் முதன்முதலில் கணினி விளையாட்டைப் பார்த்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நான் வேலை செய்த பத்திரிகை அலுவலகத்தில். பக்கங்கள் அச்சுக்குப் போன பிறகு எழுத்துக்கோக்கும் தம்பிமார் இருட்டில் 'டூம்' விளையாடுவார்கள். 1993 டிசம்பரில் வெளியான அந்த விளையாட்டின் முதல் பகுதி இலவசம்; நெகிழ்வட்டுகளில் கைமாறிக் கைமாறி எங்கள் அலுவலகம்வரை வந்திருந்தது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் வாங்கிய கணினி விளையாட்டுக்கும் போதும் என்பதை அது காட்டியது. 1996இல் 3டிஎப்எக்ஸ் நிறுவனத்தின் வூடு அட்டை வந்தபோது நிலைமை மாறியது. முப்பரிமாணக் காட்சிகளை வரைவதற்கென்றே தனி அட்டை. பழைய அட்டையை அகற்றாமலே அதன் பக்கத்தில் செருகிக்கொள்ளலாம். முழுக் கணினியையும் மாற்றாமல் ஓர் உறுப்பை மாத்திரம் சேர்த்து விளையாடும் வழக்கம் அங்கிருந்து பரவியது. 1998இல் இன்டெல் 149 டொலருக்கு வெளியிட்ட செலரன் 300ஏ சில்லைச் சிறு மாற்றத்துடன் 450 மெகாஹேட்ஸில் ஓடவைக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். பல மடங்கு விலையுள்ள சில்லுடன் அது விளையாட்டுகளில் போட்டியிட்டது. சிக்கனம் ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வேறு ஓர் உலகத்தில் இருந்தது. அதன் பெரும் பகுதி 2007வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. போர் நடந்த ஆண்டுகளில் அத்தகைய பகுதிகளுக்கு எரிபொருளையும் சீமெந்தையும் பற்றரியையும் தாராளமாகக் கொண்டுபோக முடியாது. பத்திரிகைக்காரனான என்னுடைய சிறிய ஒலிப்பதிவுக் கருவியை ஒரு சோதனைச் சாவடியில் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். வயரும் சுற்றுப்பலகையும் நிறைந்த பெட்டியோடு அன்று அந்த வழியால் போவதென்றால் என்ன கேள்விகள் வந்திருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறேன். 2025இல் பாலத்தின்மேல் ஆட்டோச் சாரதி ஒருவர் மாத்திரம் கேட்ட ஒரேயொரு கேள்வி எனக்கு ஏன் பெரிதாகப் பட்டது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

போர்நிறுத்தக் காலத்தில், 2003இல், எனக்கென்று முதற்கணினி ஒன்றைப் பகுதி பகுதியாக வாங்கிப் பொருத்தினேன். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க மிக மலிவான பவர் சப்ளை ஒன்றை வாங்கினேன். மூன்றாம் மாதம் அது புகைந்து தாய்ப்பலகையையும் கூட்டிக்கொண்டு போனது. கடையைக் குறை சொல்லமாட்டேன்; தேர்வு என்னுடையது. மருமகனின் பட்டியலை எழுதும்போது அந்தப் புகையின் மணம் மூக்கில் இருந்தது.

இனி அந்தப் பட்டியல். அலுவலகப் பாவனையிலிருந்து கழிக்கப்பட்ட, 2013இல் வெளிவந்த நான்காம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 சில்லுள்ள கணினி, 8 ஜிகாபைட் நினைவகத்துடன் 38,000 ரூபாய். பாவித்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. வரைகலை அட்டை 28,000. புதிய 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. 9,000. பாவித்த திரை 15,000. விசைப்பலகையும் மவுசும் 4,000. மொத்தம் 94,000. மிச்சம் 6,000.

அலுவலகக் கணினிகளின் பவர் சப்ளை பொதுவாக நம்பகமானது. ஆனால் வலு குறைந்தது. அதனால்தான் 2016இல் வெளிவந்த இந்த அட்டையைத் தேர்ந்தேன். பெரும்பாலான 1050 டி.ஐ. அட்டைகளுக்குத் தனி மின்வயர் வேண்டாம். தாய்ப்பலகையின் செருகிடம் தரும் 75 வாற்றுக்குள் வேலையை முடித்துக்கொள்ளும். வாங்கும்போது அதன் உயரத்தையும் பெட்டியின் அகலத்தையும் அளந்து பார்க்க வேண்டும். சிறிய வகை அலுவலகப் பெட்டிகளுக்குள் முழு உயர அட்டை போகாது. பாவித்த அட்டையைக் கடையிலேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டு, விசிறியின் சத்தத்தையும் திரையில் கோடுகள் விழுகின்றனவா என்பதையும் பார்த்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.

பாவித்த அட்டைகள் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டும் விலைக்கு வந்ததும் அண்மைக் கதைதான். 2021இல் உலகளாவிய சில்லுத் தட்டுப்பாட்டாலும், ஈதரியம் என்ற மறையீட்டு நாணயத்தைத் தோண்டுவோர் அட்டைகளை அள்ளிச் சென்றதாலும் விலை ஏறியது. 2022இல் எங்கள் ரூபாய் சரிந்தது; ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்டில் யார் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசுவது? மருமகன் வாக்கு வாங்கியது அதற்கு மறுவருடம். 2022 செப்டம்பர் 15இல் ஈதரியம் வேறு முறைக்கு மாறி, தோண்டும் தொழில் ஒரே நாளில் நின்றது. தோண்டிய அட்டைகள் பாவித்த பொருட்களாக உலகச் சந்தைக்குத் திரும்பின. விண்டோஸ் 11 பழைய சில்லுகளை ஏற்றுக்கொள்ளாததால் அலுவலகங்களும் தங்கள் கணினிகளைக் கழித்தன. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எனவே இத்தகைய கணினியை இன்று வாங்குவோர் லினக்ஸ் பக்கம் போவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டன், விண்டோஸ் விளையாட்டுகள் பலவற்றை அதில் ஓடவைக்கிறது. ஆனால் ஏமாற்றுத் தடுப்பு நிரலோடு வரும் சில இணைய விளையாட்டுகள் அதில் ஓடமாட்டா.

அன்று பகல் மருமகனே எல்லாவற்றையும் பொருத்தினான். நான் திருகாணிகளைத் தேநீர்க் கோப்பைத் தட்டில் போட்டு வைத்திருந்ததோடு சரி. மாலையில் 'ஜி.டி.ஏ. 5' திறந்தது. அவன் முகத்தைப் பார்த்தபோது செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் சரி என்றே தோன்றியது.

இரவு எட்டு மணியளவில் திரையில் துவக்குச் சண்டை தொடங்கியது. பழைய ஒலிபெருக்கியின் சத்தம் வீடு முழுவதும் கேட்டது. குசினியில் நின்ற தங்கை கையிலிருந்த அகப்பையோடு முன் வாசலுக்கு வந்து, வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வந்து நின்றாள். 2007இற்குப் பிறகு பிறந்த மகனுக்கு அது ஒரு சத்தம். அவளுக்கும் எனக்கும் அது வேறு.

மருமகன் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே சத்தத்தைக் குறைத்தான். "அம்மா, இது சும்மா விளையாட்டு" என்றான். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். சற்று நேரத்துக்குப் பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்: "மாமா, அந்த ஆறாயிரம் மிச்சம் இருக்குத்தானே?"

மறுநாள் காலை இருவரும் கல்முனைக்குப் போய் ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தோம். விலை 3,500 ரூபாய். எந்தப் பட்டியலிலும் நான் எழுதாத உறுப்பு அது.