அவலாஞ்சி என்ற பெயர்

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாக ஏறத்தாழ 28 கிலோமீட்டர் போனால் அவலாஞ்சி. ஏரி, சோலைக்காடு, டிரவுட் மீன் பண்ணை எல்லாம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் உறைபனி படியும். ஆனால் பனிப்பாளம் சரிந்து விழும் மலை அல்ல அது. பிறகு ஏன் 'அவலான்ச்' என்று ஆங்கிலேயர் பெயர் வைத்தார்கள்?

1800களின் தொடக்கத்தில் அங்கே பெரிய மண்சரிவு ஒன்று ஏற்பட்டது. அதையொட்டி வந்த பெயர்தான் இது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் பனிச்சரிவைக் குறிக்கும்; மண்ணும் பாறையும் சரிந்தாலும் பொருந்தும். மேசையில் வந்து குவியும் கடிதங்களுக்கும் அதையே சொல்வார்கள். மின்னணுவியலில் டயோடுக்குள் மின்னோட்டம் திடீரெனப் பெருகுவதற்கும் அதே பெயர்தான். தமிழில் நாம் பனிச்சரிவு, மண்சரிவு என்று பிரித்தே சொல்கிறோம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலம் இச்சொல்லைக் கடன் வாங்கியது பிரெஞ்சிடம். பிரெஞ்சுக்கு அது ஆல்ப்ஸ் மலைவாசிகளின் வட்டார வழக்கிலிருந்து வந்தது. வரும் வழியில் 'அவலே' என்ற வினைச்சொல்லின் சாயல் அதில் ஏறிக்கொண்டது. 'அவலே' என்றால் அந்நாளில் கீழே இறங்குவது, இறக்குவது. இன்றைய பிரெஞ்சில் விழுங்குவது! அதற்கு அடிப்படையான 'அவல்', பள்ளத்தாக்கை நோக்கிய பக்கம். ஆற்றின் கீழ்ப்பக்கத்தை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நம் பழந்தமிழிலும் 'அவல்' என்றால் பள்ளம்தான். புறநானூற்றில் ஔவையார் மேட்டுக்கு எதிராக வைத்துப் பாடிய அவல் அது. இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை, தற்செயல் ஒற்றுமைதான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. 2019 ஆகஸ்டு 8-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் பெய்த மழை 80 சென்டிமீட்டருக்கும் மேல். சுற்றுவட்டாரத்தில் மண் சரிந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன. அதற்குப் பத்தாண்டு முன்பு, 2009 நவம்பரில், இதே மாவட்டத்தில் மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இந்த மலை சரியும் என்று அந்த ஆங்கிலப் பெயர் அன்றே சொல்லிவிட்டது. நாம் அதை 'அவலாஞ்சி' என்று வாய்க்கு வந்தபடி மாற்றிக்கொண்டோம். ஓசை வந்தது, பொருள் வரவில்லை. பெயரை மாற்ற வேண்டாம். ஊர்ப் பலகையில் அதன் கீழே 'மண் சரிந்த இடம்' என்று தமிழில் எழுதி வைத்தால் போதும். வீடு கட்ட வருகிறவரும் மரம் வெட்ட வருகிறவரும் ஒரு நிமிஷம் நின்று படிக்கட்டும்.