பின் சக்கரம் மட்டும் ஏன் சுடுகிறது? ஒரு பிரேக்கின் வரலாறு



போன ஞாயிறு இரவு கொலராடோவிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வீடியோவில் கூப்பிட்டான். ஆசையாக வாங்கிய 1951ஆம் வருஷத்து பிக்கப் வண்டி. "சார், பத்து மைல் ஓட்டினா பின் சக்கரம் ரெண்டும் கொதிக்குது. கருகின வாசனை வேற. ஊர்லேருந்து அம்மா வர்றாங்க, மலைக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றான். ஷூ, டிரம் எல்லாம் மாற்ற பட்டியலும் போட்டுவிட்டான். நான் வரலாற்று வாத்தியார்தான். ஆனால் என் அப்பா லாரிப் பட்டறையில் பிரேக் வேலை பார்த்தவர் என்று அவனுக்குத் தெரியும்.

"முதல்ல கதையைக் கேளுப்பா" என்றேன்.

டிரம் பிரேக்கை 1902இல் வடிவமைத்தவர் பிரான்சின் லூயி ரெனோ. ஆரம்பகால வண்டிகளில் பிரேக் பெரும்பாலும் பின்பக்கம் மட்டுமே. கம்பி, கேபிள் கொண்டு இழுப்பார்கள். எண்ணெய் அழுத்தத்தால் நான்கு சக்கரத்தையும் ஒன்றாகப் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். 1921இல் டியூசன்பெர்க் காரிலும் 1924இல் கிரைஸ்லரிலும் அது வந்தது. ஃபோர்டு கார்கள் 1939 வரை கம்பியையே நம்பியிருந்தன. எண்ணெய் வந்த பிறகும் ஹேண்ட் பிரேக் பழைய கேபிளிலேயே பின் சக்கரத்தோடு தங்கிவிட்டது. ஆக, அவன் வண்டியின் பின் ஷூவுக்கு இரண்டு எஜமானர்கள்: ஒன்று எண்ணெய், இன்னொன்று கேபிள்.

"இப்ப விசாரணையை ஆரம்பி. ஒரு சக்கரம் மட்டும் சுட்டா அந்தச் சக்கரத்துலதான் கோளாறு. ரெண்டும் சுட்டா ரெண்டுக்கும் பொதுவானதைத் தேடணும்."

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினான். ஹேண்ட் பிரேக் கேபிளை முழுசாகத் தளர்த்தினான். பெடலை மிதித்து விட்டபின் சக்கரம் சுற்றவில்லை. கேபிள் குற்றவாளி இல்லை. மாஸ்டர் சிலிண்டரா? அந்தக் காலத்து வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சிலிண்டர். அது அழுத்தத்தை விடவில்லை என்றால் முன் சக்கரமும் சுட்டிருக்க வேண்டும். முன்பக்கம் ஜில்லென்று இருந்தது.

மிச்சம் இருந்தது பின் அச்சுக்குப் போகும் ஒரே ரப்பர் ஹோஸ். அதற்கு முன்னால் இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்தச் சொன்னேன். சக்கரம் அசையவில்லை. பிறகு பின் சக்கரத்தின் பிளீடர் ஸ்க்ரூவைத் திறந்தான். எண்ணெய் பீய்ச்சியது, சக்கரம் தடையில்லாமல் சுழன்றது! வெளியே நன்றாகத் தெரிந்த ஹோஸ், உள்ளே ஊதி அடைத்திருந்தது. மிதிக்கும்போது எண்ணெய் போகும், திரும்பி வராது.

ஷூவை மட்டும் மாற்றியிருந்தால் புது ஷூவும் கருகியிருக்கும். மலை இறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் அப்போது நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது.

மூன்று ஹோஸ்களையும் பழைய எண்ணெயையும் மாற்றினான். கருகிய ஷூக்களும் மாறின, டிரம் தப்பித்தது. நேற்று மலையடிவாரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் அவன் அம்மா நிற்கும் படம் வந்தது.

வகுப்பில் நான் சொன்னது நினைவிருக்கிறதா? விளைவு தெரியும் இடத்தில் காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஹோஸின் வயதைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்