நடுக்கமும் கத்தியும்: பார்கின்சன் அறுவையில் ஆபத்தின் கணக்கு மாறிய வரலாறு

1952இல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் என்ற அறுவை மருத்துவர், ஒரு பார்கின்சன் நோயாளியின் மூளையில் சில நரம்பிழைகளை வெட்டப் போனார். வழியில் ஒரு சிறு தமனி கிழிந்தது. அதற்குக் கிளிப் போட்டு, வந்த வேலையை முடிக்காமலே மண்டையை மூடினார். கண்விழித்த நோயாளிக்கு நடுக்கமும் விறைப்பும் போயிருந்தன. கைகால் விழவும் இல்லை. அந்த விபத்தையே கூப்பர் சிகிச்சையாக்கினார். வேண்டுமென்றே அந்தத் தமனியை அடைத்தபோது பத்தில் ஒருவர் அளவுக்கு இறந்தனர். உருப்படியான மருந்து இல்லாத காலம். பலர் அதற்கும் துணிந்தார்கள். ஆபத்து என்றால் அன்று சாவுதான்.

கணக்கு அதோடு முடிவதில்லை என்பதைக் காட்டியவர் மார்கரெட் பர்க்-வைட். 1946இல் காந்தியை இராட்டையருகே படம் பிடித்த 'லைஃப்' இதழ்ப் புகைப்படக்காரர்தான். 1950களில் நோய் அவரைப் பிடித்தபோது அவர் முதலில் நம்பியது உடற்பயிற்சியை. செய்தித்தாளைக் கசக்கி உருண்டையாக்குவார், விரல் மடங்க வேண்டுமே என்று. 1959இல் கூப்பரிடம் சென்றார். தமனியை விட்டுவிட்டு, மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸில் ஒரு சிறு பகுதியை அழிக்கும் முறைக்குக் கூப்பர் அதற்குள் மாறியிருந்தார். 1961இல் மீண்டும் அறுவை. நடுக்கம் அடங்கியது, பேச்சு கெட்டது. தலாமஸின் இருபுறத்தையும் அழித்தால் நாக்கு குழறும் என்பது பிற்பாடு மருத்துவர்களுக்குப் பாடமாயிற்று. காமிராவைப் பிடிக்கக் கையைக் காக்கப் போனவர், எதிரில் நிற்பவரிடம் பேசும் திறனைக் கொடுத்துவிட்டு வந்தார். இறப்பு விகித அட்டவணையில் இந்த இழப்புக்கு இடமே இல்லை.

1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற மருத்துவர் லெவோடோபா என்ற மருந்தை அதிக அளவில் வாய்வழி கொடுத்துப் பலன் காட்டியதும் கத்தி பின்வாங்கியது. (பூனைக்காலி விதையிலிருந்து அதே லெவோடோபாவைச் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் 1937இலேயே பிரித்தெடுத்திருந்தார்கள், அதன் பயன் தெரியப் பல ஆண்டுகள் பிடித்தன.) ஆனால் சில ஆண்டுகளில் மாத்திரையின் வீரியம் வேளைக்கு முன்பே வடியும், உடல் தன்னிச்சையாக நெளியும். அறுவைக்கு மறுபடி தேவை வந்தது.

1987இல் பிரான்சின் கிரெனோபிளில் அலிம்-லூயி பெனாபித், தலாமஸை அழிக்குமுன் சோதனைக்காகச் செலுத்தும் மின்துடிப்பை வேகமாக்கினால் நடுக்கம் நிற்பதைக் கண்டார். அழிக்காமல் மின்முனையை உள்ளே விட்டுவைத்தால் போதும் என்றானது. பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாம். இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் அதுவே என்பேன். ஆனால் ஊசி நுழையும்போது கசியும் இரத்தத்தைத் திரும்ப அழைக்க முடியாது.

இந்த மின்முனை முறை குறித்து அமெரிக்காவில் 255 நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு தராசின் இரு தட்டையும் காட்டுகிறது. ஆறு மாதத்தில், தொல்லை தரும் நெளிவின்றி நடமாடும் நேரம் அறுவை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு 4.6 மணி கூடியது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்குக் கூடவே இல்லை. கடுமையான பாதகங்களோ முன்னவரில் 40 விழுக்காடு, பின்னவரில் 11. மூளையில் இரத்தம் கசிந்து ஒருவர் இறந்தார். ஆக, நோயாளி எடைபோடுவது சாவை மட்டுமல்ல: குளிக்க, சமைக்க, கடைக்குப் போய்வரக் கிடைக்கும் நாலரை மணியையும்தான்.

இன்றும் பல மையங்களில் நோயாளியை விழிப்பிலேயே வைத்து மின்முனையைச் சோதிக்கிறார்கள். கையை நீட்டச் சொல்வார்கள். கூடவே பேசவும் வைப்பார்கள், நடுக்கம் அடங்கும்போது நாக்கு குழறுகிறதா என்று கேட்க.