பூஜ்யத்தில் ஓடும் ஆறு

எல்கேஜி படிக்கிற அக்கா பொண்ணு கணக்குல வீக்காம். டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா போனில் அதைப் படித்துக் காட்டியபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நாலரை வயசுல வீக்குன்னா, இன்ஜினியரிங்கில் எம்-த்ரீ பேப்பரை மூணு தடவை எழுதின நானெல்லாம் எந்தக் கணக்கில் சேர்த்தி? :-) ஆனால் அக்கா சிரிக்கவில்லை. "அம்பது வரைக்கும் அழகா எழுதுறாடா. ஆனா அது என்னன்னே அவளுக்குத் தெரியல. நீயே வந்து பாரு" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

போய்ப் பார்த்தேன். நூறு வரை பாட்டு மாதிரி ஒப்பிக்கிறாள் குட்டி. "நாலு ஸ்பூன் எடுத்துட்டு வாடா செல்லம்" என்றால் சமையலறைக்குப் போய் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருகிறாள். எண்ணச் சொன்னால் எண்ணுகிறாள், ஒவ்வொரு ஸ்பூனாகத் தொட்டு, தப்பே இல்லாமல், ஏழு வரை. "அப்ப மொத்தம் எத்தனை?" என்றால் திரும்பவும் ஒண்ணு, ரெண்டு, மூணு...

இதில் வீக்கும் இல்லை ஸ்ட்ராங்கும் இல்லை. 1990ல் காரென் வின் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் கிட்டத்தட்ட இதே ஸ்பூன் சோதனையைப் பொம்மை மிருகங்களை வைத்துச் செய்து பார்த்தார். எண்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளே, 'இத்தனை எடுத்துக் கொடு' என்று கேட்டால் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள். எண்ணி முடிக்கும்போது சொல்கிற கடைசிச் சொல்தான் மொத்தத்துக்கும் பதில் என்பது தானாகப் புரிகிற விஷயமே இல்லையாம். ஒப்பிக்க வந்ததற்கும் அது புரிவதற்கும் நடுவில் மாசக்கணக்காக ஆகலாம், ஒரு வருஷம்கூட ஆகலாம்.

அப்புறம் குட்டி தன் நம்பர் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நாம் எல்லோரும் பார்த்ததுதான். பக்கத்துக்கு ஒரு எண், பக்கத்துக்கு ஒரு படம். 1 ஆப்பிள், 2 வாத்து, 3 பலூன். மூன்றாம் பக்கத்தில் "இதுல மூணு எங்க இருக்கு?" என்று கேட்டேன். கடைசிப் பலூனை மட்டும் தொட்டு, "இதான் மூணு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் தப்பே சொல்லவில்லை. அந்தப் புத்தகம் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னாள். ஆப்பிள் படத்தின் கீழே ஆப்பிள் என்று பேர் போடுகிற அதே மாதிரி பலூன் கீழே மூணு என்று போட்டிருக்கிறது. அது பலூனின் பேர் இல்லை என்று அவளுக்கு யார் சொன்னது?

அன்று ராத்திரி இந்த மாதிரிப் புத்தகம் எங்கிருந்து வந்தது என்று தேட உட்கார்ந்தேன். விடிந்துவிட்டது.

குழந்தைகளுக்கான படப் பாடப் புத்தகம் என்றாலே ஆரம்பப் புள்ளியாகச் சொல்வது கொமேனியஸ் 1658ல் நியூரம்பர்க்கில் வெளியிட்ட 'ஆர்பிஸ் பிக்டஸ்'. இன்றைய செக் நாட்டுப் பக்கத்து ஆள். லத்தீன், ஜெர்மன் இரண்டையும் படம் காட்டிச் சொல்லித்தருகிற புத்தகம். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்களுக்குள் ஒவ்வொரு பொருள் பக்கத்திலும் பொடி எழுத்தில் 1, 2, 3 என்று எண் இருக்கும். கீழே வாக்கியத்தில் அந்தச் சொல் பக்கத்திலும் அதே எண். மொழி கற்க அருமையான உத்தி. ஆனால் கவனியுங்கள், அங்கே எண் என்பது ஒரு பொருளில் ஒட்டின லேபிள். நம் குட்டி பலூனில் ஒட்டிய மாதிரியே.

கணக்குக்கென்றே படம் போட்ட புத்தகம் என்றால், லண்டனில் ஜான் ஹாரிஸ் என்ற பதிப்பாளர் 1816-17ல் போட்ட 'மார்மடியூக் மல்டிப்ளை'யைச் சொல்ல வேண்டும். பெருக்கல் வாய்ப்பாடு முழுக்கப் பாட்டாக. ஒவ்வொரு பெருக்கலுக்கும் விடையோடு எதுகை சேர்கிற மாதிரி ஒரு வரி, அந்த வரிக்கு ஒரு வண்ணப் படம். படத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் உண்டு. பாட்டுக்கும் விடைக்கும் சம்பந்தம் உண்டு. படத்துக்கும் பெருக்கலுக்கும் மட்டும் ஒரு சம்பந்தமும் கிடையாது! கசப்பு மாத்திரைக்கு மேல் தடவின தேன். இன்றைக்கும் கடையில் 'ஃபன் மேத்ஸ்' என்று விற்கிற புத்தகங்களில் பாதி இந்த மார்மடியூக்கின் கொள்ளுப்பேரன்கள்தான் என்பது என் அபிப்பிராயம்.

சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாட்சி இதற்கு நேர் எதிர்த் துருவம். பட்டாணி, கூழாங்கல் இவற்றை எண்ணாமல் எண்ணைச் சொல்லித்தரக் கூடாது என்றவர். அவர் போட்ட அலகு அட்டவணையில் முதல் வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கோடு, இரண்டாம் வரிசையில் இரண்டிரண்டு கோடு, இப்படிப் பத்து வரை. நேர்மையான விஷயம்தான். ஆனால் பத்து வரிசைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார எந்தக் குழந்தைக்குப் பொறுமை இருக்கும்? அங்கே கணக்கு இருந்தது, படம் இல்லை.

நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் படமே கிடையாது. மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை மனப்பாடம் செய்து, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று போகும். ஒப்பிப்பது என்று நாம் கிண்டல் செய்தாலும், நெல்லிலக்கத்தில் வருகிற ஆழாக்கும் உழக்கும் அந்தப் பையன் வீட்டில் தினம் பார்த்தவை. எண்ணுக்குப் பின்னால் பொருள் இருந்தது. இன்னொன்று: பழைய தமிழ் எண்களில் ௰, ௱, ௲ என்று பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி இருந்ததால் பூஜ்யத்துக்கு வேலையே இல்லை. யூனிகோடில் தமிழ்ச் சுழியம் நுழைந்தது 2005ல்தான். இதை ஏன் சொல்கிறேன் என்று இப்போது வரும்.

இருபதாம் நூற்றாண்டுக்குத் தாவுகிறேன். 1969ல் எரிக் கார்லின் கம்பளிப்புழு வந்தது. திங்கள் ஒரு ஆப்பிள், செவ்வாய் ரெண்டு பேரிக்காய் என்று தின்றுகொண்டே போகும், தின்ற இடத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். அமெரிக்காவில் ஓட்டை போட்டு அச்சடிக்கச் செலவு எகிறியதால் பதிப்பாசிரியர் ஜப்பானில் அச்சகம் பிடித்தார். ஓட்டையில் குழந்தை விரலை விட்டு எண்ணும். பெஸ்டலாட்சியின் பட்டாணி படத்துக்குள் வந்துவிட்ட மாதிரி.

ஆனால் நான் சொல்ல வந்த ஆள் அந்த ஜப்பானில்தான் இருந்தார். மிட்சுமாசா அன்னோ. 1926ல் ஷிமானே மாநிலத்தில் ட்சுவானோ என்ற மலையடிவாரச் சின்ன ஊரில் பிறந்தவர். படைக்கு இழுக்கப்பட்டு, போர் முடிந்து வந்து, டோக்கியோவில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகச் சுமார் பத்து வருஷம் வேலை பார்த்தார். முதல் படப்புத்தகம் 1968ல். அவரிடம் ஓவியம் படித்த ஒரு பையன் பின்னால் கணித மேதாவி ஆனார், மசாஹிகோ ஃபுஜிவாரா. இந்த ஃபுஜிவாரா ராமானுஜன் மேல் பித்துப் பிடித்து நம்ம கும்பகோணத்துக்கே வந்து போனார். அந்த வட்டாரக் கோயில்களின் அழகைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஓவிய வாத்தியாரிடம் படித்தவருக்குக் கோயில் கண்ணில் பட்டதில் ஆச்சரியம் என்ன!

1975ல் அன்னோ எண்ணுவதற்கு ஒரு புத்தகம் போட்டார். 1977ல் அமெரிக்காவில் குரோவெல் நிறுவனம் வெளியிட்டது. ஸ்புட்னிக் அதிர்ச்சிக்குப் பிறகு அங்கே 'புதுக் கணிதம்' என்று கணங்களும் வென் படங்களும் பள்ளிக்குள் நுழைந்திருந்த காலம் அது. இதே குரோவெல் 70களின் தொடக்கத்தில் வென் படத்துக்கும் புள்ளியியலுக்கும்கூடக் குட்டிப் படப்புத்தகங்கள் போட்டுக்கொண்டிருந்தது. அவற்றில் எல்லாம் ஒரு பெரியவர் பேசிக்கொண்டே இருப்பார். அன்னோவின் புத்தகத்தில் எண்களைத் தவிர ஒரு சொல் கிடையாது.

திறந்தால் முதல் படம் 0. பனி மூடிய வெற்று நிலம், ஊடே ஒரு ஆறு. அவ்வளவுதான். அடுத்த பக்கம் 1: அதே இடம், ஜனவரி மாசம். ஒரு வீடு, ஒரு மரம், ஆற்றின் மேல் ஒரு பாலம். அடுத்தது 2: எல்லாம் ரெண்டிரண்டு. பக்கம் நகர நகர பனி உருகி, பூத்து, கோடை வந்து, இலை உதிர்ந்து, ஒரு கிராமமே வளர்கிறது. பன்னிரண்டில் மறுபடி பனி. மாதா கோயில் கடிகாரம் அந்தந்த மணியைக் காட்டுகிறது. ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு கட்டையாக ஏறிக்கொண்டே போய், பத்து நிறைந்ததும் பக்கத்தில் புது அடுக்கு தொடங்குகிறது. இடமதிப்பு பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இடமதிப்பு!

ஏழாம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மரம், ஏழு கட்டடம், ஏழு குழந்தை என்று எல்லாம் ஏழேழாக, கூட்டமாக நிற்காமல் ஊர் முழுக்க இறைந்து கிடக்கின்றன. தேடித்தான் எண்ண வேண்டும். மரமும் வீடும் பிள்ளைகளும் ஒரே மாதிரியா இருக்கின்றன? எதிலும் ஒற்றுமை இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்றின் பேர்தான் ஏழு. என் மூணு பலூன் புத்தகத்தால் ஜென்மத்துக்கும் சொல்ல முடியாத விஷயம் இது. ஒரே ஒரு வகைப் பொருளைக் காட்டி எண்ணைச் சொல்லவே முடியாது. ரெண்டு வகையாவது வேண்டும்.

அன்னோ அதோடு நிற்கவில்லை. மகன் மசைச்சிரோவோடு சேர்ந்து போட்ட 'பெருகும் ஜாடி' புத்தகம் ஆங்கிலத்தில் 1983ல் வந்தது. ஜாடிக்குள் கடல், கடலில் ஒரு தீவு, தீவில் 2 நாடு, நாட்டுக்கு 3 மலை, மலைக்கு 4 கோட்டை நகரம், நகரத்துக்கு 5 கிராமம், கிராமத்துக்கு 6 வீடு, வீட்டுக்கு 7 அறை, அறைக்கு 8 அலமாரி, அலமாரிக்கு 9 பெட்டி, பெட்டிக்கு 10 ஜாடி. மொத்த ஜாடி 36,28,800. வேறொன்றுமில்லை, பத்து ஃபேக்டோரியல். கதை முடிந்ததும் அதையே புள்ளிகளாகப் போட்டுக் காட்டுவார்கள், பக்கங்கள் திணறிப்போகும். முதல் வருஷம் டர்போ சி-யில் ஃபேக்டோரியல் புரோகிராம் எழுதினவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஏழு வரை ஒழுங்காக 5040 என்று வரும். எட்டு கொடுத்தால் 40320க்குப் பதிலாக மைனஸ் 25216 என்று பல்லிளிக்கும். பதினாறு பிட்டில் அதற்கு மேல் இடமில்லை. லேபில் எனக்கு அன்று கிடைத்த விளக்கம் "லாங் போடு, சரியாயிடும்" என்பதுதான். அறை வரை சரி, அலமாரிக்குப் போனதும் இடம் போதவில்லை என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

1984ல் குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது ஓவியப் பிரிவில் அன்னோவுக்குக் கிடைத்தது. 2001ல் ட்சுவானோவிலேயே அவருக்கு அருங்காட்சியகம் திறந்தார்கள். 2020 டிசம்பரில், 94 வயதில் காலமானார்.

எண்ணும் புத்தகத்தை வரவழைத்துவிட்டேன். விலை அக்காவுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை குட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தேன்.

"இதுல என்ன இருக்கு?"

"ஆறு."

"ஆறா? இல்லடா செல்லம், இது பூஜ்யம். ஒண்ணுமே இல்ல."

"ஆறு இருக்கே மாமா!" என்று நீல நிறத்தில் வளைந்து ஓடுகிற தண்ணீரைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆறு இருக்கிறது. ஒரு ஆறு! அப்புறம் எப்படி அது பூஜ்யம்? கேள்வி நியாயமானதுதான். முழுப் பூஜ்யத்தை யாராலும் வரைய முடியாது, எதன் பூஜ்யம் என்று கேட்டால்தான் அதற்கு அர்த்தமே. சரி என்று ஆட்டத்தை மாற்றினேன். "இங்க எத்தனை வீடு?" "வீடே இல்ல." "எத்தனை மரம்?" "இல்ல." "எத்தனை யானை?" என்றதும் சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் அவளே கேட்க ஆரம்பித்துவிட்டாள். எத்தனை இட்லி, எத்தனை மிஸ், எத்தனை பாட்டி. எல்லாவற்றுக்கும் நான் பூஜ்யம், பூஜ்யம் என்று கத்த வேண்டும்.

மூணாம் பக்கத்துக்கு வர அரை மணி நேரம் ஆனது. "மூணு எங்க?" என்று கேட்டேன். மரங்களைத் தொட்டாள், ஒண்ணு, ரெண்டு, மூணு. வீடுகளைத் தொட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதுவும் மூணா?" என்றாள். "நீயே சொல்லு" என்றேன். நான் கவனிக்கவே இல்லாத மாதா கோயில் கடிகாரத்தில் விரலை வைத்து, "மாமா, இது?"

அதற்குள் உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்துவிட்டாள். நாளைக்கு 51லிருந்து 70 வரை ரெண்டு தடவை எழுதிக்கொண்டு போகணுமாம்.