மட்டையில் ஒட்டிய வரலாறு: வஜ்ரம் முதல் எம்.ஆர்.எஃப் ஸ்டிக்கர் வரை

வரலாறு என்றாலே நமக்குக் கல்வெட்டு, செப்பேடு, பாடப்புத்தகத்தில் வரும் போர்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பழைய கிரிக்கெட் மட்டையில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறதே ஒரு அழுக்கு, அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நம்பவில்லையா நண்பர்களே? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் அந்த அழுக்கை எப்படி எடுப்பது என்றும் சொல்கிறேன். எடுக்கலாமா வேண்டாமா என்பது வேறு கேள்வி, அதுவும் வரும்.

முதல் ஒட்டு: கைப்பிடி

கிரிக்கெட் மட்டை ஒரே மரம் இல்லை. அடிக்கும் பாகம் வில்லோ மரம், கைப்பிடி பிரம்பு. பழங்காலத்தில் முழு மட்டையும் ஒரே கட்டையில்தான் செய்தார்கள், அடித்தால் கை அதிரும். 1880களில் சார்லஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், பிரம்புக் கைப்பிடியை V வடிவில் சீவி வில்லோவுக்குள் செருகும் முறையைக் கொண்டுவந்தார். செவர்ன் நதிக்கு அடியில் ரயில் சுரங்கம் போட்ட வேலைக்குத் தலைமைப் பொறியாளராக இருந்தவர் அவர். சுரங்கம் தோண்டியவர்தான் மட்டைக்கும் வழி செய்தார்!

செருகினால் மட்டும் போதுமா? ஒட்ட வேண்டுமே. அந்தக் காலத்தில் அதற்குப் பயன்பட்டது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. நம்மூர் ஆசாரிகள் வஜ்ரம் என்று சொல்வார்களே, அதுதான். சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடுவது வஜ்ரத்தின் குணம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1959-ல் ஃபெவிகால் வந்தது. கொதிக்க வைக்கும் வேலை இல்லாமல் டப்பாவைத் திறந்து பூசினால் போதும் என்று ஆனது. மெல்ல மெல்ல வஜ்ரச் சட்டி மரவேலைப் பட்டறையை விட்டு மறைந்தது.

இரண்டாவது ஒட்டு: பெயர்

ஆரம்பத்தில் மட்டைக் கம்பெனிகள் தங்கள் பெயரை மரத்தில் முத்திரையாக அழுத்திவிடுவார்கள். உரியவே உரியாது. தானே ஒட்டிக்கொள்ளும் லேபிள் வந்தது 1935-ல், அமெரிக்காவின் ஸ்டான் ஏவரி செய்தது. அதற்கு முன்பே 3எம் கம்பெனியின் ரிச்சர்ட் ட்ரூ 1925-ல் மாஸ்கிங் டேப்பும், 1930-ல் செல்லோ டேப் மாதிரியான கண்ணாடி டேப்பும் கண்டுபிடித்துவிட்டார்.

இந்தியாவில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் டிவி வந்தது. அடுத்த வருடமே கபில்தேவ் அணி உலகக் கோப்பையை வென்றது. கோடிக்கணக்கான கண்கள் பார்க்கும் இடமாக மட்டை மாறிவிட்டது. அதுவரை "இதைச் செய்தது யார்" என்று சொன்ன மட்டை, "இதற்குக் காசு கொடுத்தது யார்" என்று சொல்ல ஆரம்பித்தது. ஸ்டிக்கரின் வரலாறே இந்த ஒரு வரிதான் என்பேன்.

பலூன் கம்பெனியும் சச்சினும்

1996 உலகக் கோப்பையின் பழைய வீடியோக்களைப் பாருங்கள். சச்சினின் மட்டையில் ஸ்டிக்கரே இருக்காது, வெறும் மரம்! அந்தத் தொடரில் அதிக ரன் அடித்தவர் அவர்தான், 523 ரன். அதற்குப் பிறகு அந்த வெற்று மரத்தில் வந்து ஒட்டிக்கொண்டது நம்ம ஊர்க் கம்பெனி, எம்.ஆர்.எஃப். விரித்தால் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. 1946-ல் திருவொற்றியூரில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்வதற்காக ஆரம்பித்தது.

இன்னொரு தகவலும் சொல்கிறேன். 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கினார், பெரிய தகராறு. பந்து கெடுகிறது என்று இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி புகார் சொன்னார். அதன் பிறகு 1980 விதிகளில் "மட்டை மரத்தால்தான் இருக்க வேண்டும்" என்றே எழுதிவிட்டார்கள். அதே லில்லிதான் 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப் வேகப்பந்துப் பள்ளிக்குப் பயிற்சியாளராக வந்தார்.

ஒட்டிய பொருளுக்காகவும் விதி மாறியிருக்கிறது. ரிக்கி பாண்டிங் பயன்படுத்திய ஒரு மட்டையின் முதுகில் கார்பன் கலந்த மெல்லிய பட்டை ஒட்டியிருந்தது. எம்.சி.சி ஆட்சேபித்ததால் 2006-ல் கம்பெனி அதை விலக்கிக்கொண்டது. 2008-ல் விதியை இன்னும் இறுக்கினார்கள்.

1998 ஏப்ரல் ஷார்ஜா (143, 134) முடிந்த பிறகு எங்கள் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று அண்ணன்மார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிள்ளைப்பாக்கம் மாதிரி ஊர்களில் கோடையில் ஏரி வற்றினால் அதுதான் மைதானம். மட்டை ஏதோ ஒரு பேர் தெரியாத காஷ்மீர் வில்லோ. ஸ்டிக்கரைத் தனியாக ஃபேன்சி கடையில் வாங்கி ஒட்டுவார்கள். அதுவும் கிடைக்காதவன் பெயின்ட்டில் எழுதிக்கொள்வான். கம்பெனிக்கும் இந்த மட்டைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அந்த மூன்று எழுத்து இல்லாமல் இறங்கினால் ஃபோர் போகாது என்று ஒரு நம்பிக்கை :-)

இன்றைக்கு ஏரியைச் சுற்றி சிப்காட் வந்துவிட்டது. ஒரகடம் பக்கம் டயர் ஆலையும் கார் ஆலையும் வந்துவிட்டன. அன்று ஆடியவர்களில் பலர் ஷிஃப்ட்டுக்குப் போகிறார்கள். மட்டைகள் பரணுக்குப் போய்விட்டன.

சரி, பிசினை எப்படி எடுப்பது?

முதலில் அது என்ன பசை என்று பார்க்க வேண்டும். பழைய டேப்புகளில் இருப்பது பெரும்பாலும் ரப்பரும் மரப்பிசினும் கலந்த பசை. காற்று பட்டுப் பட்டு முதலில் அது இளகி மஞ்சளாக வழியும். பல வருடம் போனால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பாக இறுகிவிடும். அந்த நிலையில் எந்தத் திரவத்திலும் முழுதாகக் கரையாது.

1. ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டி, பழைய ஏ.டி.எம் கார்டு மாதிரி பிளாஸ்டிக்கால் மர ரேகையின் போக்கிலேயே தள்ளவும். பிளேடு வேண்டாம். கைப்பிடி சேரும் இடத்தில் சூடும் தண்ணீரும் கூடவே கூடாது. உள்ளே வஜ்ரம் இருந்தால் பிடி ஆடிவிடும்.

2. மிச்சத்துக்குப் பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன். பஞ்சில் துளி தொட்டு, தெரியாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே மற்ற இடத்தில் தொடவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

3. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் மட்டையின் பழைய பாலிஷையே கரைத்துவிடும். அரக்கு பாலிஷ் என்றால் ஸ்பிரிட்டிலேயே கரையும்.

4. தேங்காய் எண்ணெய் பிசினை இளக்கும், உண்மைதான். ஆனால் பாலிஷ் இல்லாத மரம் எண்ணெயைக் குடித்துக் கறையாகிவிடும். மண்ணெண்ணெயும் அப்படியே.

5. உப்புத்தாள் போடாதீர்கள். பிசினோடு சேர்ந்து பந்து பட்ட தடமும் போய்விடும். அது போனால் பழைய மட்டைக்கு என்ன மதிப்பு?

எடுக்கலாமா?

என் வகுப்புத் தோழன் ஒருவன் தன் மாமாவின் மட்டையைக் கொண்டுவந்தான். மாமா இப்போது இல்லை. மட்டையின் முன்பக்கம் பாதி உரிந்த ஸ்டிக்கரும் கறுத்த பிசினும். பின்பக்கம் டீமில் இருந்த 11 பேரும் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதி, அழியாமல் இருக்க மேலே கண்ணாடி டேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப் மஞ்சளாகிவிட்டது. "ரெண்டு பக்கமும் சுத்தம் பண்ணி ஷோகேஸில் வைக்கணும்டா, அத்தை கேட்டாங்க" என்றான்.

பேனா மையை அந்தப் பசை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். எழுத்து கொஞ்சம் கலங்கியிருந்ததற்குக் காரணம் அதுதான். டேப்பை உரித்தால் மையும் கூடவே வரும், திரவம் தொட்டால் பெயர்கள் ஓடிவிடும். பெயரைக் காப்பாற்ற ஒட்டியதுதான் பெயரை அரிக்கிறது. எடுத்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து.

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். முன்பக்கப் பிசினை மட்டும் மெல்ல எடுத்தோம். பின்பக்கத்தைத் தொடவில்லை. நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, படிக்க முடிந்த 9 பெயர்களைத் தனித்தாளில் எழுதி மட்டையோடு வைத்தோம். மீதி 2 பெயரை அத்தையே சொன்னார். இனி வெயிலும் சூடும் படாமல் வைத்தால் போதும்.

முன்பக்கத்தில் ஒரு ஆச்சரியம். பிசின் போன பிறகும் எழுத்து போகவில்லை. சுற்றியுள்ள மரம் வெயிலிலும் எண்ணெயிலும் பழுப்பேறிவிட்டது, ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகவே இருக்கிறது. அதை எந்தத் திரவமும் எடுக்காது.

ஏலத்தில் மட்டை வாங்குகிறவர்கள் ஸ்டிக்கர் இருந்த இடத்தையும் கீறலையும் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுத்தான் இது எந்த மேட்ச் மட்டை என்று உறுதி செய்கிறார்கள். பிசின் தடம்கூட சாட்சிதான். ஆகவே பஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன் படம் எடுங்கள், அடியில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன மட்டை இருக்கிறது, அதில் என்ன ஒட்டியிருக்கிறது? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.