அக்கிலீஸுக்கு எதற்குப் படையல்?

டிராய் போரின் பெருவீரன் அக்கிலீஸ் போற்றத்தக்கவனா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு விடை உண்டு. அவனை 'ஹீரோ' என்று அழைத்துவிட்டு இப்படிக் கேட்பதில்தான் சிக்கலே இருக்கிறது. சினிமா சுவரொட்டி வழியாக நமக்குப் பழகிப்போன அந்தச் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்கு அது இலத்தீன் வழியாக வந்தது. இலத்தீனுக்குத் தந்தது கிரேக்கம். கிரேக்க வடிவம் 'ஹேரோஸ்'. அங்கே அதன் பொருள் வேறு.

இச்சொல்லின் வேர் இன்னும் உறுதிப்படவில்லை. ஆனால் அதன் வயது மிகப் பெரிது. கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனை எரிந்தபோது, ஏறத்தாழ கி.மு. 1200இல், அங்கிருந்த களிமண் ஏடுகள் சுட்டு இறுகிப்போயின. அவற்றில் இருந்த எழுத்து முறையை மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் படித்துக் காட்டினார். தெய்வங்களுக்குப் பொற்கிண்ணங்கள் காணிக்கையாகச் சென்றதைக் குறிக்கும் ஓர் ஏட்டில் 'திரிஸ்ஹேரோஸ்' என்ற பெயரும் வருகிறது. 'மும்மடங்கு ஹேரோஸ்' என்று அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். இலியட், ஒடிசி காவியங்களின் கவிஞர் ஹோமருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே இந்தச் சொல் காணிக்கையோடு சேர்ந்து நிற்கிறது.

ஹோமரிடம் வரும்போது சொல் இறங்கி, மனிதர்களோடு கலந்து புழங்குகிறது. போர்மறவர் எல்லோரும் ஹேரோஸ்தான். ஒடிசியில் கண்ணிழந்த பாணன் டெமோடோகஸும் ஹேரோஸ், விருந்தில் மது கலந்து கொடுக்கும் கட்டியக்காரன் மூலியஸும் ஹேரோஸ். பெரும்பாலும் 'பெருமகன்' என்ற அளவில் நிற்கும் மரியாதைச் சொல் அது. ஒழுக்கத்துக்குத் தரும் நற்சான்று அன்று.

கி.மு. எட்டாம் நூற்றாண்டிலிருந்து சொல்லுக்குப் பின்னால் ஒரு பொருளும் கண்ணுக்குத் தெரிகிறது: கல்லறை. பழங்காலக் கல்லறைகளில் புதிதாகக் காணிக்கைகள் குவிகின்றன. இறந்தும் ஆற்றல் குறையாத ஒருவன் மண்ணுக்குள் இருக்கிறான். ஊரைக் காப்பான், சினந்தால் கெடுப்பான். அவனுக்காகக் கறுப்பு விலங்கை அறுத்து, இரத்தத்தை நிலத்துக்குள் இறங்க விட்டார்கள். அந்த இடத்தின் பெயர் 'ஹேரோவோன்'.

எப்படிப்பட்டவனுக்கு இந்தப் படையல் கிடைத்தது என்பதற்குக் கிரேக்கப் பயண நூலாசிரியர் பவுசானியஸ் பதிவு செய்திருக்கும் ஒரு கதையே போதும். அஸ்டிபாலையா தீவின் கிளியோமெடீஸ் ஒலிம்பியாவில் குத்துச்சண்டையில் எதிராளியைக் கொன்றுவிட்டான். வெற்றியைப் பறித்தார்கள். துயரத்தில் அறிவு பிறழ்ந்து ஊர் திரும்பியவன், சுமார் 60 பிள்ளைகள் இருந்த பள்ளிக்கூடத்தின் தூணைப் பிடுங்கினான். கூரை பிள்ளைகள் மேல் விழுந்தது. ஊரார் கல்லெறிந்து துரத்தவே, அத்தீனாவின் கோயிலுக்குள் ஓடி ஒரு பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொண்டான். பெட்டியை உடைத்துப் பார்த்தால் ஆளைக் காணோம்! டெல்ஃபியின் அப்பல்லோ கோயிலில் குறி கேட்டார்கள். அவன் ஹேரோஸ்களில் கடைசியானவன், இனி மானிடன் அல்லன், பலியிட்டுப் போற்றுங்கள் என்று பதில் வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரே அவனுக்குப் பலியிட்டது. அவன் நல்லவனா என்று டெல்ஃபி கேட்கவில்லை.

அக்கிலீஸையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். தன் பரிசுப்பெண்ணைப் படைத்தலைவன் அகமெம்னன் எடுத்துக்கொண்டதற்காக, சொந்தப் படையே தோற்று அழியட்டும் என்று தாய் வழியாக ஸீயஸிடம் வேண்டியவன் அவன். நண்பன் பேட்ரோக்ளஸின் சிதையில் 12 டிராய் இளைஞர்களைக் கொன்று எரித்தான். டிராய் இளவரசன் ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுத்தான். இவனுக்குக் கருங்கடலின் லூகே தீவில் கோயில் இருந்தது; மாலுமிகள் காணிக்கை செலுத்தினார்கள். அங்கும் பயம் இருந்தது. டிராய் மன்னன் பிரியமின் வம்சத்தில் எஞ்சிய ஒரு பெண்ணை ஒரு வணிகனைக் கொண்டு அத்தீவுக்கு வரவழைத்து, அக்கிலீஸின் ஆவி அவளைக் கிழித்தெறிந்ததாகக் கிரேக்க எழுத்தாளர் ஃபிலோஸ்ட்ராடஸ் எழுதியிருக்கிறார். ஊர் அவனிடம் கற்றுக்கொள்வதற்காக அல்ல, அவன் ஆற்றல் தன்மேல் பாயாமல் தனக்கு அரணாக நிற்பதற்காகவே படைத்தது.

கிரேக்கரிலேயே இதைப் பொறுக்காதவர் பிளேட்டோ. கைதிகளைச் சிதையில் வெட்டியதையும் ஹெக்டரை இழுத்ததையும் அக்கிலீஸ் செய்ததாகச் சொல்லவே கூடாது என்று 'குடியரசு' நூலில் மறுக்கிறார். இளைஞர்கள் அவனைப் பின்பற்றிவிடுவார்கள் என்பது அவர் கவலை. படையலுக்குரியவன் முன்மாதிரியாக மாறத் தொடங்கும் இடம் இது என்பேன். பின்னாளில் பியோஷியா, தெஸ்ஸலி கல்லறைகளில் சாதாரண மனிதரையும் ஹேரோஸ் என்று பொறித்தார்கள். பிறகு ஆங்கிலத்தில் அச்சொல் கதைத்தலைவனையும் குறித்தது. 1840இல் தாமஸ் கார்லைல் வீரவழிபாட்டைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகளில் அது வரலாற்றை நடத்தும் மாமனிதனாக உயர்ந்துவிட்டது.

அந்தப் புதிய பொருளை எடுத்துப்போய் அக்கிலீஸின் தலையில் வைக்கும்போதுதான் தவறு நேர்கிறது. முன்மாதிரி என்ற பொருளில் அவன் ஹீரோ அல்லன். போரின் கொடுமையைத் தன்னிடத்தே காட்டி நிற்பவன் அவன். இலியட்டின் கடைசிப் பகுதியில் ஓர் இரவில் பிரியமோடு சேர்ந்து அழுது, அவர் மகன் ஹெக்டரின் உடலைக் கொடுத்து, இறுதிச் சடங்குக்காக 11 நாள் போரை நிறுத்துவதாக வாக்களிக்கிறானே, அந்த ஒரு செயலை மட்டும் நான் மனமாரப் போற்றுவேன். பிள்ளைகளுக்கு இலியட் கதை சொல்பவர்கள் அந்த இரவைச் சொல்லுங்கள். சிதையில் விழுந்த 12 பேரையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.